சேலத்தில் சிலம்பம் கற்கப் போகிறீர்களா? முதல் நாள் முதல் முதல் போட்டி வரை

2023 ஜூனில் என் மகளைச் சிலம்பத்தில் சேர்த்தேன். அப்போது அவளுக்கு 10 வயது. யாரைக் கேட்பது, எவ்வளவு பணம் ஆகும், என்ன கம்பு வாங்குவது, எதுவுமே எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகையைப் பார்த்து, மூன்று மாதக் கட்டணம் 4,500 ரூபாயை மொத்தமாகக் கட்டிவிட்டேன். முதல் நாளே பிள்ளைகளின் கையில் கம்பு. இரண்டாம் வாரம் இரட்டைக் கம்பு. அப்புறம் ஒரு மேடை நிகழ்ச்சிக்காக ஒரே சுற்றைத் தினமும் ஒன்றரை மணி நேரம் சுற்றவிட்டார்கள். மகளின் மணிக்கட்டு வீங்கி, இரவில் கையைத் தலையணை மேல் தூக்கி வைத்தபடி படுத்துக் கிடந்தாள்.

பிறகு வேறொரு ஆசானிடம் போனோம். அவர் அவள் கையைப் பார்க்கவே இல்லை. "நாலு எட்டு நடந்து காட்டு கண்ணு" என்றார். நடந்தாள். "கை ஓடுதும்மா, கால் இன்னும் வரல. முதல்ல இருந்து ஆரம்பிக்கலாம்" என்றார். ஆரம்பித்தோம். ஆறு மாதம் கழித்து, 37 வயதில், நானும் சேர்ந்துவிட்டேன்.

இதற்கு நடுவில் ஒரு போட்டிக்கு விடியற்காலையில் கிளம்பிப் போய், பிறப்புச் சான்றிதழில் இருந்த ஒரு குறையால் களத்தில் இறங்காமலே திரும்பி வந்தோம். அன்று அவள் பேருந்தில் ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்களும் உங்கள் பிள்ளையும் அப்படித் திரும்பி வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

1. எதற்காகச் சேருகிறீர்கள்?

உடம்புக்காகவா, கலைக்காகவா, போட்டிக்காகவா என்பதைச் சேரும் முன்பே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். ஆசானைத் தேடுவது, ஆவணம், செலவு எல்லாமே இதைப் பொறுத்து மாறும்.

இப்போது பலர் சான்றிதழை நினைத்தே வருகிறார்கள். அதில் தவறில்லை. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. தமிழ்நாடு அரசு நடத்தும் முதலமைச்சர் கோப்பைப் போட்டியிலும் சிலம்பம் உண்டு. ஆனால் ஒன்றை மனதில் வையுங்கள்: எல்லாச் சான்றிதழுக்கும் ஒரே மதிப்பு கிடையாது. விடுமுறை முகாம் முடிவில் கொடுக்கும் பளபள அட்டைக்கும், அரசு ஏற்கும் போட்டியில் வாங்கும் சான்றிதழுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

2. ஆசானைத் தேடுவது

போனில் விசாரித்து முடிவு செய்யாதீர்கள். காலை 6 மணிக்கு நேரில் போய், ஒரு ஓரமாக நின்று, ஒரு மணி நேரம் பாருங்கள். சேலத்தில் பயிற்சிகள் பெரும்பாலும் பள்ளி மைதானத்திலும் கோயில் திடலிலும் மொட்டை மாடியிலும்தான் நடக்கின்றன. பலகை மாட்டியிருக்க மாட்டார்கள். இரண்டு வழிகளில் தேடலாம். ஒன்று, மகாத்மா காந்தி விளையாட்டரங்கில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் கேட்பது. இரண்டாவது வழி எனக்குப் பலித்தது. ஆடி மாதத்தில் சேலம் முழுக்க மாரியம்மன் பண்டிகை. ஊர்வலத்தில் கம்பு சுற்றும் பிள்ளைகளைக் கண்டால், நன்றாகச் சுற்றும் பிள்ளையிடம் போய், "உங்க வாத்தியார் யாருங்க?" என்று கேளுங்கள். எந்த விளம்பரத்தையும்விட இது நம்பகமானது.

மைதானத்தில் நிற்கும்போது கவனிக்க வேண்டியவை:

- புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள்? ஆசான் பார்வைக்குள் காலடி பழகுகிறார்களா, அல்லது மூத்த பிள்ளை ஒருவரிடம் தள்ளிவிடப்பட்டிருக்கிறார்களா?
- ஒரு பிள்ளைக்கும் அடுத்த பிள்ளைக்கும் இடையே இரண்டு கம்பு தூரமாவது இடைவெளி இருக்கிறதா?
- அடிபட்டால் என்ன செய்கிறார்கள்? முதலுதவிப் பெட்டி கண்ணில் படுகிறதா?
- பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? ஒரு வருடத்துக்கு மேல் தொடர்கிற பெண் பிள்ளைகள் இருந்தால் அந்த இடத்தை நம்பலாம்.

கட்டணத்தை மாதாமாதம் வாங்குபவரிடம் சேருங்கள். "இப்போதே ஒரு வருடத்துக்குக் கட்டினால் சலுகை" என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். "ஆறு மாதத்தில் சுருள்வாள் சுற்ற வைக்கிறேன்" என்று யாராவது சொன்னாலும் அப்படியே. சுருள்வாள் வளைந்து திரும்பும் இரும்புத் தகடு. கால் நிலைக்காத பிள்ளை கையில் கொடுத்தால் அது முதலில் வெட்டுவது சுற்றுபவரைத்தான்.

எப்போது சேர்க்கலாம்? மே மாத முகாம்களில் கூட்டம் நெரியும், ஆசானின் கண் யார் மேலும் நிலைக்காது. ஜூன் கடைசியிலோ விஜயதசமி அன்றோ சேர்ப்பது நல்லது. விஜயதசமி என்றால் தாம்பூலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காயோடு உங்களால் முடிந்த தட்சணையை வைத்துக் கொடுப்பது வழக்கம். அதற்கு இவ்வளவு என்று கணக்குக் கேட்கிற ஆசானை நான் இதுவரை பார்த்ததில்லை.

3. ஆவணங்கள்: இதைச் சேர்ந்த வாரமே செய்யுங்கள்

பயிற்சிக்குச் சேர இரண்டு புகைப்படமும் ஆதார் நகலும் போதும். அதனால் பலரும் அதோடு விட்டுவிடுகிறார்கள். போட்டி அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் பத்தாது. எங்களுக்கு அதுதான் நடந்தது.

பிறப்புச் சான்றிதழ். வீட்டில் இருக்கும் சான்றிதழை இப்போதே எடுத்துப் பாருங்கள். அதில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா? பிரசவமான உடனே மருத்துவமனையிலிருந்து பதிவு போய்விடுவதால், பெயர் இடம் காலியாகவே இருக்கும் சான்றிதழ்கள் ஏராளம். என் மகளுடையதும் அப்படித்தான் இருந்தது. பெற்றோர் பெயர், தேதி, மருத்துவமனை எல்லாம் சரி, பிள்ளையின் பெயர் மட்டும் இல்லை. பதினொரு வருடம் அதை நாங்கள் கவனிக்கவே இல்லை. பிறப்பைப் பதிவு செய்து 12 மாதத்துக்குள் என்றால் பெயரைக் கட்டணமின்றிச் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். பிள்ளை எங்கே பிறந்ததோ அந்த இடத்தின் பதிவு அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். சேலம் மாநகராட்சியில் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலங்கள். மருத்துவமனை எந்த மண்டலத்தில் என்று தெரிந்துகொண்டு போங்கள். நான் வீட்டுக்குப் பக்கத்து அலுவலகத்துக்குப் போய் ஒரு நாளை வீணாக்கினேன். பிரசவம் அம்மா வீட்டுப் பக்கம் வேறு மாவட்டத்தில் நடந்திருந்தால் அந்த ஊருக்குத்தான் போக வேண்டும். அந்தப் பயணத்தையும் கணக்கில் வையுங்கள்.

ஆதார். பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் பிறப்புச் சான்றிதழோடு ஒத்துப்போக வேண்டும். தகராறு பெரும்பாலும் இனிஷியலில்தான் வரும். ஒன்றில் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் அப்பா பெயர் முழுதாக. களத்தில் சரிபார்ப்பவர் நல்லவராக இருந்தாலும் அவர் கையில் எதுவும் இல்லை. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று மூன்றையும் ஒரே மாதிரி ஆக்கிவிடுங்கள். பிள்ளைக்கு 5 வயதிலும் 15 வயதிலும் கைரேகை, கருவிழிப் பதிவைக் கட்டாயம் புதுப்பிக்க வேண்டும். அது விட்டுப்போயிருந்தால் அதையும் சேர்த்து முடியுங்கள். ஆதாரில் நடப்பில் உள்ள கைபேசி எண் இருக்கட்டும். இணையத்தில் பதியும்போது ஓடிபி பழைய எண்ணுக்குப் போய் மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பள்ளிச் சான்று. பள்ளியில் படிக்கிறார் என்ற சான்று, புகைப்படத்தின் மேல் பாதி படும்படி முத்திரையோடு, தலைமையாசிரியர் கையெழுத்தோடு வேண்டும். எமிஸ் எண்ணை, அதாவது பள்ளிக் கல்வித் துறை ஒவ்வொரு மாணவருக்கும் கொடுக்கும் எண்ணை, அதில் குறிப்பிடச் சொல்லுங்கள். காலாண்டு, அரையாண்டு விடுமுறையில் தலைமையாசிரியர் கையெழுத்து கிடைக்காது. விடுமுறைக்கு ஒரு வாரம் முன்பே கேளுங்கள்.

வங்கிக் கணக்கு. பரிசுத்தொகை கணக்கில்தான் வரும். பிள்ளை பெயரில் கணக்கு திறந்து, பெயரும் கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் தெளிவாகத் தெரியும் முதல் பக்கத்தை நகல் எடுத்து வையுங்கள்.

மருத்துவச் சான்று. போட்டிக்குப் போட்டி கேட்பார்கள். பழையது செல்லாது. போட்டிக்கு ஒரு வாரம் முன்பு வாங்கினால் சரியாக இருக்கும்.

எங்களுக்குப் பெயர் சேர்ப்பது, ஆதார் திருத்தம், வங்கிக் கணக்கு மூன்றும் முடிய ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு, ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் வைத்திருக்கிறேன். மூலச் சான்றிதழ்களை யாரிடமும், ஆசானிடமும்கூட, விட்டுவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

4. செலவு

இரண்டாவது ஆசானிடம் எங்கள் முதல் வருடக் கணக்கை அப்படியே தருகிறேன், ஒரு பிள்ளைக்கு. மாதக் கட்டணம் 600 வீதம் 7,200 ரூபாய். கம்பு இரண்டு, 500. சீருடை 700. சிறிய கர்லாக்கட்டை (கையில் பிடித்துச் சுற்றும் மரக்கட்டை) ஒரு ஜோடி 1,600. இரண்டு போட்டிகளுக்கு நுழைவுக் கட்டணம் 1,000. ஆக 11,000 ரூபாய். போக்குவரத்தும் சாப்பாடும் தனி. இடத்துக்கு இடம் இது கூடும் குறையும். ஆனால் இதைப்போல் இரண்டு மடங்கு கேட்டால் எதற்கென்று கேளுங்கள். ஷூ வேண்டாம், வெறுங்காலில்தான் பயிற்சி. முதல் மூன்று மாதத்தில் கம்பைத் தவிர எதையும் வாங்காதீர்கள். பிள்ளை தொடர்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை வாங்கலாம்.

5. கம்பு வாங்குவது

கற்றுக்கொள்ளப் பிரம்புக் கம்புதான் சரி. மூங்கில் பிளந்தால் சிலாம்பு கையில் ஏறும். நேராக நின்றால் கம்பு புருவ மட்டத்துக்கு வர வேண்டும். "வளர்ற பிள்ளைதானே" என்று நீளமாக வாங்காதீர்கள், நுனி தரையில் இடித்து மணிக்கட்டு திருகும். பிடித்தால் கட்டைவிரலும் நடுவிரலும் தொட வேண்டும். கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக் கோணல் பாருங்கள். நடுவில் ஒரு விரல் மேல் கிடத்தி, இரண்டு பக்கமும் சமமாக நிற்கிறதா என்று பாருங்கள். கணுக்களை நகத்தால் தடவினால் விரிசல் தட்டுப்படும். மாதம் ஒருமுறை எண்ணெய் தடவி, வெயில் படாத இடத்தில் படுக்கவையுங்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் மாடியில் மறந்துவிட்டால் ஒரே வாரத்தில் வில்லாக வளைந்துவிடும்.

6. முதல் மூன்று மாதம்: கால்

புதிதாக வருகிறவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான். நானும் இழந்தேன். எங்கள் ஆசான் மண்ணில் விபூதியால் ஒரு முக்கோணம் போடுவார். மூன்று முனையிலும் கவிழ்த்த கொட்டாங்குச்சி. கீழே பார்க்காமல், கொட்டாங்குச்சியில் கால் படாமல், முன்னால் பின்னால் பக்கவாட்டில் காலடி மாற்ற வேண்டும். இரண்டு கையையும் இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு மாதம் இதுவேதான். கால் பட்டுக் கொட்டாங்குச்சி உருளும் சத்தம் கேட்டதும் எல்லோரும் நின்று மறுபடி தொடங்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு கம்பையே கொடுக்கவில்லையே என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

அதனால் மற்ற இடங்களில் எப்படிக் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். கேரளத்துக் களரியில், தரைமட்டத்துக்குக் கீழே 42 அடி நீளம் 21 அடி அகலம் தோண்டிய குழிக்குள், முதலில் மெய்த்தாரி, அதாவது உடல் பயிற்சி மட்டும். அது கைவந்த பிறகே கோல்த்தாரி என்ற கோல் பயிற்சி. ஜப்பானில் சுமோ கற்பவர்கள் தினமும் ஒரு காலை உயரத் தூக்கித் தரையில் அழுத்தி ஊன்றுகிறார்கள். அதற்கு ஷிகோ என்று பெயர். பாதம் தரையை விட்டு எழாமல் தேய்த்துத் தேய்த்து முன்னேறுவது இன்னொரு பயிற்சி. வட இந்தியக் குஸ்திக் களங்களில் புதிய பையன் கையில் முதலில் மண்வெட்டி. மஞ்சளும் எண்ணெயும் நெய்யும் கலந்த அந்த மண்ணைக் கொத்திப் புரட்டுவதே காலுக்கும் இடுப்புக்கும் பயிற்சியாகிவிடும். அப்புறம் தண்டால், பஸ்கி (உட்கார்ந்து எழும் பயிற்சி). ஊர் வேறு, ஆட்டம் வேறு, ஆனால் எல்லா இடத்திலும் தரையில் காலை ஊன்ற வைத்துவிட்டுத்தான் மேலே போகிறார்கள். ஆசான் மேல் இருந்த சந்தேகம் அன்றோடு போயிற்று.

என் மகளுக்கு எழுபதாவது நாள் போல ஒரு காலை. கொட்டாங்குச்சி ஒன்றுகூட உருளாமல் முழுச் சுற்றும் வந்தாள். ஆசான் எதுவும் சொல்லாமல் தன் கம்பை அவளிடம் நீட்டினார். ஒரே ஒரு வீச்சு. அதுவரை "விசுக் விசுக்" என்று கேட்ட சத்தம் அன்று "வ்வ்ர்ர்" என்று நீண்டு வந்தது. கை அதே கைதான். கால் நின்றுவிட்டால் அந்தச் சத்தம் தானாக வரும். உங்கள் பிள்ளைக்கும் அந்தச் சத்தம் வரும்வரை அவசரப்படாதீர்கள்.

7. கர்லாக்கட்டை, தண்டால், பஸ்கி

கர்லாக்கட்டை தோளுக்கும் முதுகுக்கும் நல்லது. கம்பு சுற்றித் தோள்வலி வருகிறவர்களுக்கு இதுதான் மருந்து என்பது என் அனுபவம். ஈரானில் ஜூர்கானே என்ற பயிற்சிக் கூடங்களிலும் இதேபோன்ற மரக்கட்டையைச் சுற்றுகிறார்கள். அதன் பெயர் மீல். மேடை மேல் உட்கார்ந்து ஒருவர் முரசடித்துப் பாட, தாழ்வான களத்தில் நிற்பவர்கள் அந்தத் தாளத்துக்குச் சுற்றுவார்கள். அந்தத் தாளத்தைக் கவனியுங்கள், எடையை அல்ல. வீடியோவில் பெரிய பெரிய கட்டைகளைப் பார்த்துவிட்டு, எங்கள் களத்தில் ஒரு இளைஞர் ஆறு கிலோ கட்டையோடு வந்தார். பத்து நாளில் தோள்பட்டை பிடித்து ஒரு மாதம் வரவில்லை.

பிள்ளைகளுக்கு ஒரு கிலோ, பெண்களுக்கும் புதிய ஆண்களுக்கும் இரண்டு கிலோ போதும். பக்கத்துக்கு 20 சுற்று, மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே செய்ய முடிந்தால் மட்டும் கூட்டுங்கள். பிடி ஆட்டம் காண்கிறதா என்று ஒவ்வொரு நாளும் தட்டிப் பாருங்கள். வியர்த்த கையோடு சுற்றாதீர்கள், எதிரே யாரும் நிற்க விடாதீர்கள்.

தண்டால் ஐந்து, பஸ்கி பத்து என்று தொடங்கி, வாரத்துக்கு இரண்டிரண்டு கூட்டினேன். முழங்கால் வலி இருப்பவர்கள் பஸ்கியைப் பாதி வரை மட்டும் உட்கார்ந்து எழலாம். இதை ஆசானிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

8. நேரமும் வெயிலும்

மார்ச் முதல் ஜூன் வரை சேலத்தில் காலை ஏழரைக்கு மேல் பயிற்சி வேண்டாம். ஐந்தரைக்குத் தொடங்கி ஏழுக்கு முடியுங்கள். வெறும் வயிற்றில் வராதீர்கள், ஒரு வாழைப்பழம் போதும். முடிந்ததும் கம்பங்கூழோ ராகிக் கூழோ, அரை மணி கழித்து முட்டையோ சுண்டலோ. பெண்கள் மாதவிலக்கு நாட்களில் தங்கள் உடம்பைக் கேட்டு முடிவு செய்யலாம். நான் வருவதாக இருந்தால் காலடி மட்டும் பழகுவேன், நாள் தவறாது.

கோடையில் சிலர் பிள்ளைகளை ஏற்காட்டுக்கு அழைத்துப்போய்ப் பயிற்சி கொடுக்கிறார்கள். குளிர்ச்சி நல்லதுதான். ஆனால் அடிவாரத்திலிருந்து மலைப்பாதையில் ஓட விடுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். 20 கொண்டை ஊசி வளைவு, விடுமுறை நாளில் வண்டி மேல் வண்டி, ஓரம் ஒதுங்க இடமில்லை. மேலே காலையில் புல் பனியில் நனைந்திருக்கும், வெறுங்கால் வழுக்கும். பத்து மணிக்கு மேல் காய்ந்த மண் தரையில் பழகச் சொல்லுங்கள்.

9. முதல் போட்டி

நாங்கள் முதல் வருடமே போட்டிக்குக் காசு கட்டினோம், ஆனால் நீங்கள் ஒரு வருடம் முடியும் முன் அனுப்ப வேண்டாம். தனித்திறமை (தனியாகச் சுற்றிக் காட்டுவது), இரட்டைக் கம்பு, தொடுமுறை என்று பிரிவுகள் உண்டு. முதல் முறைக்குத் தனித்திறமையே போதும். தொடுமுறையில் எதிராளியைக் கம்பால் தொட்டுப் புள்ளி எடுக்க வேண்டும். தலைக்கவசமும் மார்புக் கவசமும் இல்லாமல் இறக்காதீர்கள், இரவல் கவசம் என்றால் முந்தின நாளே போட்டுப் பாருங்கள்.

முதலமைச்சர் கோப்பைக்குத் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். பள்ளி மாணவர் பிரிவு 12 வயது முதல் 19 வரை. கடைசி நாளில் தளம் திணறும், முதல் வாரத்திலேயே பதிந்து ஒப்புகைச் சீட்டை அச்செடுங்கள். தனியார் போட்டி என்றால், யார் நடத்துகிறார்கள், சான்றிதழைப் பள்ளியும் விளையாட்டு அலுவலகமும் ஏற்குமா என்பதைக் காசு கட்டும் முன் கேளுங்கள்.

அன்றைக்கு எடுத்துப்போக வேண்டியவை: ஆவணக் கோப்பு, மாற்றுக் கம்பு ஒன்று, இரண்டு லிட்டர் தண்ணீர், எலுமிச்சை சாதம், ஐஸ் பை, விரித்து உட்கார ஒரு போர்வை. அறிவிப்பில் காலை 8 மணி என்று இருக்கும். எங்கள் மகளை அழைத்தது பிற்பகல் மூன்றரைக்கு. அதனால் காலையிலேயே பிள்ளையைச் சுற்ற வைத்துக் களைப்பாக்காதீர்கள். நிழலில் படுக்கவைத்து, அழைப்புக்கு அரை மணி முன்பு காலடி மட்டும் போட வையுங்கள்.

கம்பைப் பேருந்தில் கொண்டுபோகும்போது இரண்டு நுனியிலும் பழைய துணியைச் சுற்றி, கம்புகளைச் சேர்த்துக் கட்டி, பின் இருக்கைக்கு அடியில் நீளவாக்கில் கிடத்துங்கள். நிறுத்திப் பிடித்தால் கூரையில் இடிக்கும், பக்கத்தில் இருப்பவர் கண்ணுக்கும் ஆபத்து. சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ஏறும்போதே நடத்துநரிடம் "சிலம்பக் கம்புங்க, போட்டிக்குப் போறோம்" என்று சொல்லிவிட்டால் அவரே இடம் காட்டுவார்.